நம்பிக்கைப் பட்டை

மசூதுக்கும் இசக்கிமணிக்கும் இடையே இருந்த தூரம் ஒரு டயாலிசிஸ் எந்திரத்தின் அகலம். வாரத்தில் மூன்று நாள், காலை முறையில், இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, இரத்தத்தை வெளியே அனுப்பித் துவைத்து வாங்கிக்கொண்டார்கள். துவைத்து முடியும்வரை சண்டை போட்டார்கள்.

மசூது ஷார்ஜாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் பழுதானதும் கடையை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினார். இசக்கிமணி சுந்தரபாண்டியபுரத்துக்காரர். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் மீசை பணியில் இருந்தது. மனைவி இல்லை. மகன் ராணுவத்தில், தொலைவில்.

வந்ததும் முதலில் எடை பார்ப்பார்கள். சிறுநீர் பிரியாத உடம்பில் இரண்டு நாளாக எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

"என்ன வே பாய், முள்ளு இந்த ஆட்டம் ஆடுது? குத்தாலத்துல வாயத் தொறந்துட்டு நின்னீரோ?"

"ஒம்ம மூஞ்சிய மொதல்ல பாரும் ஏட்டையா. நேத்து மோர்க்கொழம்புல நீச்சலடிச்சிருக்கீரு."

அடுத்தது வண்டு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கையில் இரண்டு இரத்தக் குழாய்களை அறுவை செய்து ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். ஊசி ஏற்றுவது அதில்தான். உள்ளே இரத்தம் விரைந்து ஓடுவதால் தொட்டால் அதிரும். காதை வைத்தால் வண்டு முரலுவதுபோலக் கேட்கும். சத்தம் நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். உடனே கவனிக்காவிட்டால் அந்தக் கை போயிற்று, பிறகு அதில் ஊசி ஏற்ற முடியாது. அடுத்து கழுத்தில் குழாய் செருகுவார்கள். அவரவர் கையை அவரவர் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவமனை விதி. இசக்கிமணிக்குச் சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. காதும் மந்தம். ஆகவே அவருடைய கையை மசூது பார்த்தார்.

"வண்டு பாடுதா வே?"

"பாடுது. சுதிதான் சேரல."

ஒருநாள் இசக்கிமணி மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னார். "போதும் வே. நிறுத்திரலாம்னு இருக்கேன். யாருக்காக வந்து குத்திக்கிடணும்?"

மசூதும் மேலே பார்த்தார்.

"நிறுத்தும். ஒம்ம கட்டிலு எனக்கு. ஃபேனுக்கு நேரா கெடக்கு."

அடுத்த முறைக்கு இசக்கிமணி அரை மணி நேரம் முன்னதாகவே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார்.

இப்படி முறையற்று நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் மணிமுத்து சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். டயாலிசிஸ் நோயாளிகள் மனச்சோர்வு அடைகிறார்கள் என்றும், அவர்களுக்குச் சக நோயாளிகளே சிறந்த துணை என்றும் அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணிமுத்து திரும்பி வந்த கையோடு சக நோயாளர் மன ஆதரவுத் திட்டம் பிறந்தது. சண்முகப்பிரியா என்ற இளம்பெண் கோயம்புத்தூரிலிருந்து ஒருங்கிணைப்பாளராக வந்து சேர்ந்தாள்.

முதலில் ஆய்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை வரிசையாக அச்சிட்டிருந்தது. தன் முகம் எதுவோ அதை வட்டமிட வேண்டும். அழும் முகம் தாளின் மடிப்பில் விழுந்திருந்ததால் மசூது சிரிக்கும் முகத்தை வட்டமிட்டார். இசக்கிமணி, ஆளை நேரில் நிறுத்தினால்தான் அடையாளம் காட்ட முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வு முடிவை மணிமுத்து டயாலிசிஸ் கூடத்திலேயே நடந்த ஊழியர் கூட்டத்தில் அறிவித்தார். நோயாளிகளும் படுத்தபடியே கேட்டார்கள்.

"அதிர்ச்சியான ஒரு விஷயம் வெளியே வந்திருக்கிறது. நம் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பயிற்சியும் கிடையாது. எந்த மேற்பார்வையும் கிடையாது. யார் யாருக்கு என்ன ஆறுதல் சொன்னார்கள் என்று நம்மிடம் ஒரு பதிவும் இல்லை. நாளைக்கு ஒருவர் தவறாக ஆறுதல் அடைந்துவிட்டால் யார் பொறுப்பு?"



திட்டம் முறைப்படி தொடங்கும்வரை தன்னிச்சையான ஆறுதல் நிறுத்திவைக்கப்பட்டது. 'ஆறுதலுக்கு ஒருங்கிணைப்பாளரை அணுகவும்' என்று சுவரில் ஒரு பலகை வந்தது. அதிகம் பேசுகிறவர்கள் என்று கண்டறியப்பட்டவர்கள் பிரிக்கப்பட்டார்கள். இசக்கிமணியைக் கடைசி மூலைக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் அறையின் ஓரம் தள்ளினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும். அவர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் இலைகளோடு ஒரு தொட்டிச் செடியை வைத்தார்கள். மன அமைதிக்கு.

"ஏட்டையா! கேக்குதா?" என்று மசூது கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"என்னது?" என்றது அந்தக் கோடி.

சண்முகப்பிரியா ஓடி வந்தாள். "அங்கிள், ப்ளீஸ். பேஸ்லைன் கெட்டுப்போயிரும்."

"அது எங்கனம்மா இருக்கு? நான் ஒண்ணையும் தொடலயே."

"இல்ல அங்கிள். திட்டத்துக்கு முன்னாடி நீங்க எவ்வளவு சோகமா இருந்தீங்கன்னு அளக்கணும். இப்பவே பேசிச் சரியாயிட்டீங்கன்னா அப்புறம் நாங்க முன்னேற்றத்தை எப்படிக் காட்டறது?"

அவள் முகத்தில் கவலை இருந்தது. மசூது அவளுக்காகக் கொஞ்சம் சோகமாக இருக்க ஒப்புக்கொண்டார். அது சிரமமாக இல்லை.

சிரிக்கும் முகத்தை வட்டமிட்டவர்கள் ஆதரவாளர்கள், மற்றவர்கள் பயனாளிகள் என்று முடிவாயிற்று. ஆதரவாளர்களுக்குக் குற்றாலத்தில் ஒரு விடுதியில் பயிற்சி. சாரல் காலம். பேரருவியின் இரைச்சல் அறைக்குள் கேட்டது. நாளெல்லாம் சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவர்கள், உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

வரவேற்பாக ஆளுக்கொரு இளநீர். சிறுநீரகம் பழுதான உடம்பில் இளநீரின் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று நர்ஸ் ஜெயபிரியா எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருந்தாள். மசூது அதைச் சொன்னார்.

"குடிக்க வேண்டாம் சார். குடிக்கிற மாதிரி பிடிங்க. போட்டோவுக்கு" என்றார் பயிற்சியாளர்.

பிறகு தியானம். "கண்ணை மூடுங்க. எதிரே அருவி. குளிர்ந்த தண்ணீர் உங்க தலையில விழுது. முகத்துல வழியுது. வாயைத் திறக்கறீங்க. உங்க தாகம் முழுசா அடங்குது."

யாரோ விம்மும் சத்தம் கேட்டது. பயிற்சியாளர் அதை நல்ல தொடக்கம் என்று குறித்துக்கொண்டார்.

மாலைக்குள் மசூது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். பயனாளிக்கு அறிவுரை சொல்லக் கூடாது. எனக்கும் அப்படித்தான் என்று சொல்லக் கூடாது, அது தற்பெருமை. சிரிக்கக் கூடாது. தொடவே கூடாது. ஆதரவாளருக்கும் பயனாளிக்கும் இடையே எப்போதும் ஒரு மேசை இருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாதபோது, 'நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது' என்று சொல்ல வேண்டும்.

விடைபெறும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கூடைப் பழம் கொடுத்தார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், மலை வாழைப்பழம். அதே காரணத்தால் எதையும் அவர்கள் தின்ன முடியாது. விடுதி வாசலில் குரங்குகள் பயனடைந்தன.

மசூதுக்கு ஒதுக்கப்பட்ட பயனாளி இசக்கிமணி. முன்பின் அறிமுகம் இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. காலை முறையில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் யாரும் இல்லை. ஆகவே எல்லோரும் அறியாதவர்கள் என்று உறுதிமொழி கொடுத்தார்கள். பழைய சாமான் அறையில் மேசை போட்டு, மேலே ஒரு மணற்கடிகாரம் வைத்து, ஆதரவு அறை என்று பெயரிட்டார்கள். சண்முகப்பிரியா மூலையில் உட்கார்ந்து கவனித்தாள்.

"வணக்கம். என் பெயர் மசூது. உங்களை எப்படி அழைக்கலாம்?"

இசக்கிமணி முதுகை நிமிர்த்தினார். "இசக்கிமணி, ஓய்வு பெற்ற தலைமைக் காவலர்."

"உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

"மோட்டார் சத்தம் மண்டையப் பொளக்கு வே. மனுசன் படுக்க முடியல."

"நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது."

"ஒமக்குக் கேக்கும். எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல." இசக்கிமணி பழக்கத்தில் சட்டைக் கையை மடித்து இடது கையை மேசைமேல் நீட்டினார். மசூதின் கையும் பாதிவரை போயிற்று. சண்முகப்பிரியா தொண்டையைக் கனைத்தாள். இரண்டு கைகளும் வந்த வழியே திரும்பின. மணல் மெதுவாக இறங்கியது.

தொடக்க விழா திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய சனிக்கிழமை மணிமுத்து ஒரு பெட்டியோடு கூடத்துக்கு வந்தார். உள்ளே ரப்பர் பட்டைகள். ஆதரவாளருக்கு நீலம். பயனாளிக்கு மஞ்சள். நம்பிக்கைப் பட்டை என்று அச்சிட்டிருந்தது.

"விழாவரைக்கும் யாரும் கழற்றக் கூடாது. இடது கையில்தான் அணிய வேண்டும். இதயம் இருக்கும் பக்கம்."

ஜெயபிரியா முன்னால் வந்தாள். "சார், இவங்க எல்லாருக்கும் ஃபிஸ்டுலா இடது கையிலதான் சார் இருக்கு. அதுல வாட்சுகூடக் கட்டக் கூடாது."

"எல்லோருக்குமா?"

"ஆமா சார்."

மணிமுத்து நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு பொருத்தம் பாருங்கள். வேதனை எந்தக் கையிலோ அந்தக் கையிலேயே நம்பிக்கை!"

உடன் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அவர் போனதும் ஜெயபிரியா கட்டில் கட்டிலாகக் குனிந்து சொன்னாள். "வாசலைத் தாண்டுனதும் கழட்டிருங்க. திங்கக்கிழமை போட்டோவுக்குப் போட்டுக்கிடலாம்." எல்லோரும் தலையசைத்தார்கள். கடைசி மூலையில் இருந்தவரும் தலையசைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மசூது படி இறங்குமுன்பே கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். வீட்டில் மனைவி ஜாஹிரா பீவி அதைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஊறுகாய் பாட்டிலுக்குப் போடுத ரப்பர் மாதிரி இருக்கு?"

"நம்பிக்கை."

"பையிலயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை முறை, விழாவை முன்னிட்டு மாலைக்கு மாற்றப்பட்டது. நோயாளிகள் இரண்டு நாள் தண்ணீரையும் உடம்பில் சுமந்துகொண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள். முகங்கள் ஊதியிருந்தன. அனைவரும் செழிப்பாக இருப்பதாக ஒரு நிருபர் சொன்னார். பந்தல் ஓரத்தில் ஒரு புது வேன் நின்றது. நடமாடும் ஆறுதல் ஊர்தி. அதன் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி வெள்ளித் தட்டில் கத்தரிக்கோலை ஏந்தி நின்றாள். சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவரை எதிர்கொள்ள மருத்துவமனை ஆம்புலன்ஸ் பாவூர்சத்திரம்வரை போயிருந்தது.

அவர் வரும்வரை ஒரு செயல்விளக்கம் நடத்தலாம் என்றார் மணிமுத்து. மேடையில் மேசை வந்தது. மணற்கடிகாரம் வந்தது. மசூது நீலப் பட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தார். மறுபக்கம் இசக்கிமணி. எதிரெதிரே ஒலிவாங்கி.

"வணக்கம். உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

இசக்கிமணி சொல்ல வேண்டியது, 'திட்டத்துக்குப் பிறகு நன்றாக இருக்கிறது' என்பது. அவர் குரலைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கி அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"பாய், கை சில்லுன்னு இருக்கு வே."

"நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது" என்றார் மசூது. நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

"வண்டு பாடுதான்னு தெரியல. காலைலேருந்து நானும் காதுல வச்சு வச்சுப் பாக்கேன்."

மணிமுத்து எழுந்து இன்னொரு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கேட்டீர்களா? வண்டு பாடவில்லை என்கிறார்! ஒரு காவலர்! வாழ்நாளெல்லாம் லத்தி பிடித்த மனிதருக்குள் இருந்த கவிஞரை இந்தத் திட்டம் வெளியே கொண்டுவந்துவிட்டது!"

பெரும் கைதட்டல்.

மசூது எதிரே இருந்த கையைப் பார்த்தார். மஞ்சள் பட்டை, வீங்கிய மணிக்கட்டுக்குள் பாதி புதைந்து கிடந்தது. அவர் எழுந்தார். மேசையைச் சுற்றிப் போனார். கையைப் பிடித்துத் தூக்கிக் காதை வைத்தார். அந்தக் காதுக்குப் பழகிய கை அது. கூட்டம் கை தட்டுவது மட்டும் கேட்டது.

பட்டையை இழுத்துப் பார்த்தார். விரல் நுழையவில்லை. மேடையிலிருந்து இறங்கி, சிறுமியின் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"பாய், அது ரிப்பனுக்கு" என்றது ஒலிபெருக்கி.

பட்டை அறுந்து விழுந்தது. ஜெயபிரியா ஓடி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

"நின்னுருக்கு. ஏட்டையா, எப்பலேருந்து?"

"காலைல எந்திரிச்சப்பவே சில்லுன்னுதான் இருந்துச்சு. விழா முடியட்டும்னு இருந்தேன்."

"திருநெல்வேலிக்கு இப்பவே போனா அடைப்ப எடுத்துரலாம். நேரமாச்சுன்னா கை போயிரும். வண்டிய எடுங்க!"

ஆம்புலன்ஸ் பாவூர்சத்திரத்தில் பூச்செண்டோடு நின்றது. எல்லோரும் வேனைப் பார்த்தார்கள். மணிமுத்து அதன் முன்னால் போய் நின்றார்.

"நிலைமை புரிகிறது. நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் திறந்துவைக்காத ஊர்தியில் நோயாளியை ஏற்ற முடியாது. சிறப்பு விருந்தினர் மனம் புண்படும். மனம் புண்படக் கூடாது என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படையே."

கத்தரிக்கோல் இன்னும் மசூதின் கையில் இருந்தது. அவர் ரிப்பனை வெட்டினார்.

ரிப்பன் வெட்டினால் கை தட்டுவது பந்தலுக்குப் பழக்கம். தட்டினார்கள். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு ஜாடை காட்டினார். புகைப்படக்காரர் நான்கைந்து எடுத்தார். அதற்குமேல் ஊர்தி திறக்கப்படவில்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மணிமுத்துவும், சற்றுத் தாமதமாக, தட்டினார்.

வேனுக்குள் ஒரு மேசையும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகளும் தரையோடு முடுக்கப்பட்டிருந்தன. படுக்க இடமில்லை. வண்டி கிளம்பியதும் எங்கிருந்தோ ஒரு குரல், 'கண்ணை மூடுங்கள், எதிரே அருவி' என்றது.

"அத அமத்துலே, தாகமெடுக்கு!" என்று இசக்கிமணி ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். அதை அமர்த்தும் விசை எங்கே என்று ஓட்டுநருக்குச் சொல்லித்தரவில்லை. ஆலங்குளம்வரை தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏன் வே கழட்டல? அந்தப் பிள்ள அத்தன பேருக்கும் சொல்லுச்சே."

"எனக்கு என்ன கேட்டுச்சு? ஏதோ சொல்லுதாளேன்னு தலைய ஆட்டுனேன்." இசக்கிமணி கையை மடியில் ஒரு பொட்டலம்போல வைத்திருந்தார். "இறுக்கத்தான் செஞ்சுது. நீரும் போட்டுட்டுத்தான் இருப்பீருன்னு நெனச்சேன்."

மசூது தன் கையில் இருந்த நீலப் பட்டையைக் கழற்றிச் சன்னல் வழியே எறிந்தார்.

"கை போச்சுன்னா நான் நிறுத்திருவேன் வே" என்றார் இசக்கிமணி. "கழுத்துல கொழாயத் தொங்கவிட்டுட்டு அந்த மூலைல வந்து கெடக்க முடியாது. பாத்துக்கிடும்."

அவர் குரலில் நடிப்பு இல்லை. மசூதுக்குப் பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடினார்.

"நிறுத்தும். ஆனா அந்தக் கட்டிலு எவனுக்கும் வேண்டாம். மோட்டார் சத்தம். ஃபேனும் கெடையாது. நீருதான் வந்து படுத்துக் கழிக்கணும்."

இசக்கிமணியின் மீசை அசைந்தது. அவர் வெளியே பார்த்தார்.

திருநெல்வேலியில் அன்று மாலையே அடைப்பை எடுத்தார்கள்.

அறக்கட்டளையின் மலரில், ஊர்தி தொடங்கிய கணத்திலேயே ஓர் உயிரைக் காத்தது என்று வந்தது. மசூது ரிப்பன் வெட்டும் படம் அட்டையில். நம்பிக்கைப் பட்டை இனிமேல் வலது கையில் அணியப்படும். நன்மைகள் யாவும் வலப்பக்கமே தொடங்குகின்றன என்று மணிமுத்து உள்ளே எழுதியிருந்தார்.

அதே வாரம் மசூதுக்கு ஓர் உத்தரவு வந்தது. பயனாளியைத் தொட்டதற்காகவும் விழாப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகவும் அவர் ஆதரவாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். இனி யாருக்கும் ஆறுதல் அளிக்கும் தகுதி அவருக்கு இல்லை. மற்ற நோயாளிகளின் நலன் கருதி அவருடைய கட்டில் கடைசி மூலைக்கு, தண்ணீர் அறை ஓரத்துக்கு மாற்றப்படுகிறது.

உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தது சண்முகப்பிரியா. அவள் உடனே போய்விடவில்லை.

"எந்தக் கட்டில்னு சார் சொல்லல அங்கிள். மூலைன்னு நான்தான் டைப் பண்ணேன்." பிறகு, "அந்தப் பக்கம் நான் ரவுண்ட்ஸ் வரமாட்டேன். மோட்டார் சத்தம் எனக்கு ஒத்துக்கறதில்ல" என்றாள்.

மூலையில் இசக்கிமணி முன்னதாகவே வந்து படுத்திருந்தார். கையில் கட்டு அவிழ்த்த தழும்பு புதிதாக இருந்தது. மசூது அடுத்த கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.

மோட்டார் இரைந்தது. மசூது காதை அழுத்தி வைத்தார்.

"என்ன வே, இம்புட்டு நேரம்? பாடுதா?"

"பாடுது. பழைய பாட்டு இல்ல. திருநவேலிக்காரன் சுதிய மாத்திட்டான்."

"நல்லாருக்கா?"

"இல்ல" என்றார் மசூது. காதை எடுக்கவில்லை.